எலுமிச்சையில் இல்லாத மின்சாரம்

நுழையும்முன்

சிறுவர் கேட்கும் வினாக்களுள் சில, கேட்க எளியனவாகவும் விடை கூற அரியனவாகவும் அமைகின்றன. "பேட்டரிக்குள்ளே கரண்ட் எப்படி வந்தது?" என்பது அத்தகைய வினா. "உள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று விடை கூறி நகர்ந்துவிடுவது பெரியோர் பலரின் வழக்கம். அவ்விடை சிறுவரை அப்போதைக்கு அமைதிப்படுத்தலாம். ஆனால், பிழையான ஒரு கருத்தை அவர்கள் உள்ளத்தில் நெடுங்காலம் நிலைக்கச் செய்துவிடும். மின்கலம் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் முறையையும், அதனைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் நெறியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் காட்டும் படம்

நாம் அன்றாடம் பேசும் சொற்கள் நம் சிந்தனைக்கு வழி காட்டுகின்றன. சிலவேளைகளில் வழி மாற்றியும் விடுகின்றன. கைப்பேசியில் 'சார்ஜ் ஏற்றுகிறோம்'. சிறிது நேரத்தில் 'சார்ஜ் இறங்கிவிட்டது' என்கிறோம். கைவிளக்கு மங்கினால் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்கிறோம். ஏற்றுதல், இறங்குதல், தீர்தல் என்னும் இச்சொற்களைக் கேட்டு வளரும் சிறுவர் உள்ளத்தில் ஒரு படம் உருவாகிறது. மின்கலம் ஒரு குடம்; அதனுள் மின்சாரம் நீரைப்போல் நிரம்பியிருக்கிறது; பயன்படுத்தப் பயன்படுத்த அது வற்றிப்போகிறது என்பதே அப்படம்.

இப்படம் இயல்பானது; ஆயினும் உண்மையன்று. புதிய மின்கலம் ஒன்றில் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளனவோ, அத்தனை எலக்ட்ரான்களே அது பயனற்றுப் போன பின்னும் அதனுள் இருக்கின்றன. ஒரு முனை வழியே வெளியேறும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஈடாக மறுமுனை வழியே ஓர் எலக்ட்ரான் உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே, மின்கலத்திலிருந்து மின்னூட்டம் வடிந்து போவதில்லை.

அவ்வாறாயின், குறைவது எது? சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மையை நினைத்துப் பார்க்கலாம். அப்பொம்மை ஓடி நின்றபின் அதன் சுருள்வில்லில் உள்ள எஃகின் அளவு குறைந்திருப்பதில்லை. வில்லின் முறுக்கே தளர்ந்திருக்கிறது. மின்கலத்தின் நிலையும் அதனைப் போன்றதே. அதனுள் இருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரியக் காத்திருக்கும் நிலையே அதன் முறுக்கு. வினை முடிந்துவிட்டால் முறுக்குத் தளர்ந்துவிடுகிறது. மின்கலம் சேர்த்து வைத்திருப்பது வேதி ஆற்றலையே. மின்னோட்டம், சுற்று முழுமையடையும் அந்தக் கணத்தில்தான் தோன்றுகிறது.

எலுமிச்சைச் சோதனை

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் நாம் காணும் சோதனைகளுள் ஒன்று எலுமிச்சை மின்கலம். ஓர் எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசப்பட்ட ஆணி ஒன்றும் தடித்த தாமிரக் கம்பி ஒன்றும் ஒன்றையொன்று தொடாதவாறு செருகப்படுகின்றன. இரண்டையும் வோல்ட்மீட்டருடன் இணைத்தால், அது ஏறத்தாழ 0.9 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் காட்டுகிறது. காண்போர் வியக்கின்றனர். 'எலுமிச்சையில் மின்சாரம் இருக்கிறது' என்னும் முடிவோடு சிறுவர் வீடு திரும்புகின்றனர்.

சோதனை உண்மையானது, முடிவு பிழையானது. அப்பிழையைச் சொற்களால் திருத்துவதைவிட மேலும் மூன்று சோதனைகளால் திருத்துவதே சிறந்தது.

முதலாவதாக, எலுமிச்சைக்கு மாற்றாக ஓர் உருளைக்கிழங்கையோ, ஒரு குவளை உப்புநீரையோ, புளித்த மோரையோ வைத்து, அதே ஆணியையும் அதே கம்பியையும் பயன்படுத்த வேண்டும். அளவு சற்றுக் கூடலாம் அல்லது குறையலாம். ஆயினும் வோல்ட்மீட்டர் மின்னழுத்தத்தைக் காட்டவே செய்கிறது. எலுமிச்சை இல்லாமலும் மின்கலம் இயங்குகிறது.

இரண்டாவதாக, எலுமிச்சையை மீண்டும் எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு தாமிரக் கம்பிகளை மட்டும் செருக வேண்டும். இப்போது அளவு சுழியை ஒட்டியே நின்றுவிடுகிறது. இரண்டு ஆணிகளை மட்டும் செருகினாலும் அதே விளைவுதான். எலுமிச்சை இருந்தும் மின்கலம் இயங்கவில்லை.

மூன்றாவதாக, ஆணியையும் கம்பியையும் ஓர் ஒளி உமிழ் டையோடின் வழியாகவோ வேறு கருவியின் வழியாகவோ இணைத்துச் சில நாள்கள் அப்படியே விட்டுவைத்து, பின்னர் ஆணியை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பழத்துக்குள் இருந்த பகுதியின் பளபளப்பு மறைந்து, துத்தநாகப் பூச்சு அரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இம்மூன்று சோதனைகளையும் வரிசையாகக் காணும் சிறுவர், எவரும் சொல்லாமலேயே புதிய முடிவுக்கு வந்து சேர்கின்றனர். மின்கலத்துக்குத் தேவையானவை இரண்டு வேறுபட்ட உலோகங்களும் அவற்றுக்கிடையே ஓர் ஈரப்பொருளும் ஆகும். அங்கே செலவாவது துத்தநாகம். எலுமிச்சைச் சாறு மின்னூட்டம் பெற்ற அயனிகள் நகர்வதற்கு இடம் தரும் மின்பகுளியாகவும், தன் ஹைட்ரஜன் அயனிகளின் வாயிலாக எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ளும் பொருளாகவும் துணைநிற்கிறது. மின்சாரம் பழத்துக்குள் ஒளிந்திருக்கவில்லை.

தவளைக்கால்கள் எழுப்பிய விவாதம்

'மின்சாரம் பழத்தில் இருக்கிறது' என்று கருதும் சிறுவரை நாம் எள்ளி நகையாடுதல் கூடாது. ஏறத்தாழ இதே கருத்தை அறிவியல் உலகின் பேரறிஞர் ஒருவரும் கொண்டிருந்தார்.

இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கியவர் லூயிஜி கால்வானி. அவர் ஆய்வுக்காக அறுத்து வைத்திருந்த தவளைக்கால்களைப் பித்தளைக் கொக்கிகளில் மாட்டி, இரும்புக் கிராதியில் தொங்கவிட்டபோது, அக்கால்கள் துடித்தன. அருகில் மின்பொறி ஏதும் இல்லை. வானில் மின்னலும் இல்லை. பலவகைச் சோதனைகளுக்குப் பின், விலங்கின் உடலுக்குள்ளேயே ஒருவகை மின்சாரம் உறைந்திருக்கிறது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1791ஆம் ஆண்டு அம்முடிவை நூலாகவும் வெளியிட்டார்.

பாவியா நகரின் இயற்பியல் பேராசிரியரான அலெசாண்ட்ரோ வோல்டா, முதலில் கால்வானியின் கருத்தை ஏற்றார். அச்சோதனைகளைத் தாமே செய்து பார்க்கத் தொடங்கியபின் அவருக்கு ஐயம் எழுந்தது. வேறுபட்ட இரு உலோகங்களைப் பயன்படுத்தும்போது தவளைக்கால் வலிமையாகத் துடிப்பதை அவர் கண்டார். மின்சாரம் உலோகங்களிலிருந்து வருகிறது. ஈரமான தவளைக்கால் அதை உணர்த்தும் கருவி மட்டுமே என அவர் வாதிட்டார். தம் நாக்கின்மீது இரு வேறு உலோகங்களை வைத்து அவற்றை ஒன்றோடொன்று தொடச் செய்தபோது புளிப்புச் சுவை தோன்றியதையும் அவர் சான்றாகக் கொண்டார்.

தவளையே இல்லாமல் மின்சாரத்தைத் தோற்றுவித்துக் காட்டினால் தம் வாதம் நிலைபெறும் என வோல்டா உணர்ந்தார். வெள்ளி வட்டு ஒன்று, துத்தநாக வட்டு ஒன்று, உப்புநீரில் நனைத்த அட்டை ஒன்று என்னும் முறையில் மாற்றி மாற்றி அடுக்கி ஒரு தூணை உருவாக்கினார். அதன் இரு முனைகளையும் ஈரக் கைகளால் தொட்டபோது அதிர்ச்சி உணரப்பட்டது. 1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், இலண்டன் இராயல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு எழுதிய கடிதத்தில் இக்கண்டுபிடிப்பை அவர் விளக்கினார். தொடர்ந்து மின்னோட்டம் தரக்கூடிய முதல் மின்கல அடுக்கு இவ்வாறு தோன்றியது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவரும் அத்தகைய அடுக்கைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினர்.

எனினும், வோல்டாவின் விளக்கமும் முழுமையானதன்று. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதனாலேயே மின்சாரம் பிறக்கிறது. ஈர அட்டை அதனைக் கடத்துவது மட்டுமே செய்கிறது என அவர் நம்பினார். தொடுதல் மட்டுமே காரணமாயின், அம்மின்கலம் எக்காலமும் ஓயாமல் இயங்க வேண்டும். நடைமுறையில் துத்தநாகம் அரிக்கப்பட்டு மின்கலம் ஓய்ந்துபோகிறது. வேதிவினையே மின்னோட்டத்திற்குக் காரணம் என்னும் கருத்தைப் பின்வந்த வேதியியலாளர்கள் படிப்படியாக நிலைநாட்டினர்.

கால்வானியின் கருத்திலும் உண்மையின் கூறு இருந்தது. நரம்புகளும் தசைகளும் மின்குறிகளால் இயங்குகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. இருவரும் ஓரளவு சரியாகவும் ஓரளவு பிழையாகவும் சிந்தித்தனர். ஒருவர் கருத்தை மற்றவர் சோதனையால் எதிர்கொண்டமையால் அறிவியல் வளர்ந்தது.

எலக்ட்ரான் செல்லும் சுற்றுவழி

மின்கலத்தின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, 1836ஆம் ஆண்டு ஆங்கில வேதியியலாளர் ஜான் பிரெடரிக் டேனியல் அமைத்த மின்கலம் பெரிதும் துணைபுரிகிறது.

நீலநிறத் தாமிர சல்பேட்டுக் கரைசலில் ஒரு துத்தநாகத் தகட்டை நேரடியாக இட்டால் என்ன நிகழும் என்பதை வேதியியல் வகுப்பில் கண்டிருப்போம். துத்தநாகம் கரைகிறது, தகட்டின்மீது செந்நிறத் தாமிரம் படிகிறது, கரைசலின் நீலநிறம் மங்குகிறது, கரைசல் சற்றுச் சூடாகிறது. ஒவ்வொரு துத்தநாக அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. ஒவ்வொரு தாமிர அயனியும் அவ்விரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று அணுவாகிறது. கொடுப்பதும் பெறுவதும் ஒரே இடத்தில், கைக்குக் கை மாறுவதுபோல் நிகழ்ந்துவிடுவதால், ஆற்றல் முழுவதும் வெப்பமாக வீணாகிறது.

டேனியல் மின்கலத்தில் இவ்விரு வினைகளும் பிரித்து வைக்கப்படுகின்றன. துத்தநாகத் தகடு துத்தநாக சல்பேட்டுக் கரைசலிலும், தாமிரத் தகடு தாமிர சல்பேட்டுக் கரைசலிலும் நிற்கின்றன. இரு கரைசல்களுக்கும் இடையே நுண்துளைகள் கொண்ட தடுப்பு இருக்கிறது. கொடுக்க விரும்பும் துத்தநாகமும் பெற விரும்பும் தாமிர அயனியும் இப்போது நேரில் சந்திக்க இயலாது. எலக்ட்ரான்களுக்குக் கரைசல் வழியே செல்லும் வாய்ப்பும் இல்லை. வெளியே ஒரு கம்பி இரு தகடுகளையும் இணைக்கும்போதுதான் அவற்றுக்கு வழி திறக்கிறது. துத்தநாகத்திலிருந்து புறப்பட்டு, கம்பியின் வழியாகச் சென்று, தாமிரத் தகட்டை அடைந்து, அங்கே காத்திருக்கும் தாமிர அயனிகளுடன் அவை சேர்கின்றன. நேர்வழியில் நிகழ்ந்திருக்க வேண்டிய வினையைச் சுற்றுவழியில் நிகழச் செய்வதே மின்கலத்தின் நுட்பம். அச்சுற்றுவழியில் நாம் வைக்கும் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, வானொலி பாடுகிறது.

நுண்துளைத் தடுப்பின் பணி யாது என்னும் வினா இங்கு எழும். துத்தநாகப் பக்கத்தில் நேர்மின் அயனிகள் பெருகிக்கொண்டே இருக்கும். தாமிரப் பக்கத்தில் அவை குறைந்துகொண்டே வரும். இந்த ஏற்றத்தாழ்வு சரிசெய்யப்படாவிட்டால் எலக்ட்ரான்களின் ஓட்டம் உடனே நின்றுவிடும். கரைசல்கள் விரைவாகக் கலந்துவிடாமல் தடுத்து, அயனிகளை மட்டும் மெல்ல நகரவிட்டு இருபுறமும் சமநிலையைக் காப்பது அத்தடுப்பு. வெளியே கம்பியில் எலக்ட்ரான்கள், உள்ளே கரைசலில் அயனிகள் என இரண்டும் சேர்ந்தே மின்சுற்று நிறைவு பெறுகிறது.

எலக்ட்ரான்களைத் துத்தநாகம் எவ்வளவு விரும்பிக் கொடுக்கிறது, தாமிர அயனி எவ்வளவு விரும்பிப் பெறுகிறது என்பவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே மின்னழுத்த வேறுபாடாக வெளிப்படுகிறது. டேனியல் மின்கலத்தில் அது ஏறத்தாழ 1.1 வோல்ட். ஒரே உலோகத்தில் இரண்டு கம்பிகளை எலுமிச்சையில் செருகியபோது அளவு சுழியை ஒட்டி நின்றதன் காரணமும் இதுவே. இருபுறமும் ஒத்த விருப்பம் இருக்குமாயின் கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

இங்கே 'விரும்புதல்' என்பது விளக்கத்தின் பொருட்டு ஆளப்படும் சொல் என்பதை மறத்தல் கூடாது. அணுக்களுக்கு மனம் இல்லை. உவமையைக் கையாளும் ஆசிரியர், அதன் எல்லையையும் உடன் சுட்டுதல் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

65 கிராம் துத்தநாகம் மின்கலத்தில் முழுமையாகக் கரைந்தால் ஏறத்தாழ 1,92,000 கூலும் மின்னூட்டம் கம்பியின் வழியே செல்லும். ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 53 மணி நேரத்துக்குத் தருவதற்கு அது போதுமானது. கரையும் பொருளின் அளவுக்கும் பாயும் மின்னூட்டத்துக்கும் உள்ள இத்தொடர்பை 1830களில் வரையறுத்தவர் மைக்கேல் ஃபாரடே.

அழுத்தமும் ஓட்டமும்

எலுமிச்சை மின்கலத்தைக் கைவிளக்கின் சிறு பல்புடன் இணைத்தால் அது எரிவதில்லை. ஐந்தாறு பழங்களைத் தொடராக இணைத்தாலும் எரிவதில்லை. சிறுவர் பலர் சோர்வுறும் இடம் இது. உண்மையில், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை.

மின்கலங்களைத் தொடராக இணைக்கும்போது அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன. மூன்று எலுமிச்சைகள் சேர்ந்து 2.7 வோல்ட் வரை தரக்கூடும். ஆனால், ஒரு பழத்தின் வழியே பெறத்தக்க மின்னோட்டம் மிகச் சிறியது. ஒரு மில்லி ஆம்பியர் அளவை எட்டுவதே அரிது. கைவிளக்கின் இழைப் பல்புக்கோ நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் தேவை. அழுத்தம் இருந்தும் ஓட்டம் போதாமையால் அது எரிவதில்லை. சிவப்பு நிற ஒளி உமிழ் டையோடு ஏறத்தாழ 2 வோல்ட் அழுத்தத்தில், மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே ஒளிர வல்லது. ஆகவே, மூன்று அல்லது நான்கு எலுமிச்சைகளைத் தொடராக இணைத்து, இருண்ட அறையில் பார்த்தால் அது மங்கலாக ஒளிர்வதைக் காணலாம்.

கடையில் வாங்கும் மின்கலமும் இதே நெறியில் இயங்குவதே. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866இல் உருவாக்கிய மின்கலத்தின் வழிவந்தது நம் கைவிளக்கின் உலர்மின்கலம். அதன் வெளிப்புறக் குவளை துத்தநாகத்தால் ஆனது; நடுவில் கரித்தண்டு நிற்கிறது; அதனைச் சூழ்ந்துள்ள கரிய பொடியில் இருக்கும் மாங்கனீசு டைஆக்சைடு எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது. உலர்மின்கலம் என்று பெயர் பெற்றிருப்பினும் அதனுள் ஈரப்பசை உண்டு. முற்றிலும் உலர்ந்த மின்கலத்தில் அயனிகள் நகர இயலாது. பழைய மின்கலங்கள் கசிந்து கருவிகளைப் பாழாக்குவதன் காரணத்தையும் இப்போது உணரலாம். குவளையே துத்தநாகமாதலின், பயன்படப் பயன்பட அக்குவளையே கரைந்து ஓட்டையாகிவிடுகிறது.

மீண்டும் முறுக்கப்படும் வில்

எல்லா மின்கலங்களும் ஒருமுறை பயன்பட்டபின் வீசத்தக்கவை அல்ல. சில மின்கலங்களில் வெளியிலிருந்து மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்தினால், நிகழ்ந்த வேதிவினை பின்னோக்கி நடந்து, பொருள்கள் பழைய நிலையை அடைகின்றன. தளர்ந்த வில் மீண்டும் முறுக்கப்படுகிறது. இதனையே 'சார்ஜ் ஏற்றுதல்' என்கிறோம். இங்கும் மின்சாரம் உள்ளே ஊற்றி நிரப்பப்படுவதில்லை.

பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859இல் அமைத்த காரீய அமில மின்கலம் இவ்வகையில் முதலாவது. மகிழுந்துகளிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் இன்றும் அது பயன்படுகிறது. ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு கலங்கள் சேர்ந்து 12 வோல்ட் மின்கல அடுக்காகின்றன. கைப்பேசியிலும் மின்வண்டியிலும் இருப்பது இலித்தியம் அயனி மின்கலம். இலித்தியம் அயனிகள் இரு மின்முனைகளுக்கிடையே போய்வருவதன் வாயிலாக அது இயங்குகிறது. 1991இல் விற்பனைக்கு வந்த அம்மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

மின்கலங்களை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டில் உள்ளது. வள்ளல் அழகப்பர் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. 1948ஆம் ஆண்டு ஜவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மின்கலங்கள், உலோக அரிமானம், மின்முலாம் பூசுதல் ஆகியவை அங்கே ஆராயப்படுகின்றன. கடலோரப் பாலத்தின் இரும்பை அரிப்பதும் கைவிளக்கை எரியச் செய்வதும் ஒரே வகையான எலக்ட்ரான் பரிமாற்றமே என்பதால், இத்துறைகள் ஒரே கூரையின்கீழ் அமைந்தது பொருத்தமே.

கற்பிக்கும் நெறி

மின்கலத்தைச் சிறுவர்க்குக் கற்பிப்போர் மனங்கொள்ளத்தக்க நெறிகள் சில உள.

சிறுவர் வெற்று உள்ளத்தோடு வகுப்புக்கு வருவதில்லை. தமக்கே உரிய விளக்கங்களோடு வருகின்றனர். 'பல்புக்கு ஒரு கம்பியே போதும்' என்று சிலர் கருதுகின்றனர். 'இரு முனைகளிலிருந்தும் புறப்படும் மின்சாரங்கள் பல்புக்குள் மோதிக்கொள்வதால் ஒளி பிறக்கிறது' என்று சிலர் கருதுகின்றனர். 'பல்பு மின்னோட்டத்தைச் சிறிது உண்டுவிடுகிறது. மீதியே திரும்பி வருகிறது' என்பது பலரின் கருத்து. இத்தகைய கருத்துகள் பல நாட்டுச் சிறுவரிடமும் காணப்படுவதைக் கல்வி ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இக்கருத்துகளை முதலில் பேசவிட வேண்டும். சோதனையைத் தொடங்கும் முன், "என்ன நடக்கும் என நினைக்கிறாய்? ஏன்?" என்று கேட்டு, விடையை எழுதி வைக்கச் செய்ய வேண்டும். பின்னரே சோதனையை நிகழ்த்த வேண்டும். பல்புக்கு முன் ஓர் அம்மீட்டரும் பின் ஓர் அம்மீட்டரும் இணைத்து, இரண்டும் ஒரே அளவைக் காட்டுவதைத் தன் கண்ணால் காணும் சிறுமி, பல்பு மின்னோட்டத்தை உண்பதில்லை என்பதை எக்காலமும் மறவாள். பல்பு பெறுவது ஆற்றலையே என்னும் அடுத்த பாடத்துக்கு அவள் தானாகவே ஆயத்தமாகிவிடுகிறாள்.

கருவிகள் விலை உயர்ந்தனவாக இருக்க வேண்டியதில்லை. 1812ஆம் ஆண்டு இலண்டனில் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்றுவந்த இருபது வயது இளைஞர் ஒருவர், துத்தநாகத்தில் ஏழு சிறு வட்டுகளை வெட்டி, அவற்றின்மீது ஏழு அரைப்பென்னி நாணயங்களை வைத்து, இடையே உப்புநீரில் நனைத்த காகிதங்களைச் செருகி ஒரு மின்கல அடுக்கைச் செய்தார். அதனைக் கொண்டு மெக்னீசியம் சல்பேட்டுக் கரைசலைப் பகுத்துக் காட்டி, அம்மகிழ்ச்சியைத் தம் நண்பருக்குக் கடிதமாக எழுதினார். அவ்விளைஞரே பின்னாளில் மின்வேதியியலின் அடிப்படை விதிகளை வகுத்த மைக்கேல் ஃபாரடே. இராயல் நிறுவனத்தில் கிறித்துமசு விடுமுறைக் காலத்தில் இளையோர்க்காக நிகழ்ந்த அறிவியல் உரைத்தொடர்களுள் பத்தொன்பதை அவரே நிகழ்த்தினார். தம் கையால் செய்து கற்றவர், பிறர் கண்முன் செய்துகாட்டிக் கற்பித்தார்.

பாதுகாப்பும் இப்பாடத்தின் ஒரு பகுதியே. வீட்டு மின்இணைப்பை எந்தச் சோதனைக்கும் பயன்படுத்துதல் கூடாது. கடையில் வாங்கிய மின்கலங்களைப் பிரித்தலோ, நெருப்பில் இடுதலோ, இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தலோ கூடாது. சோதனைக்குப் பயன்படுத்திய எலுமிச்சையில் துத்தநாகம் கரைந்திருப்பதால் அதனை உண்ணுதல் கூடாது. கைக்கடிகாரத்திலும் பொம்மைகளிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயின் ஈரமே மின்பகுளியாகி, மின்னோட்டம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். எலுமிச்சையில் நிகழ்வதே உடலிலும் நிகழும் என்பதை அறிந்தவர்க்கு இவ்வெச்சரிக்கையின் காரணம் தெளிவாக விளங்கும்.

பிழையின் மதிப்பு

மின்சாரம் தவளையில் இருக்கிறது என்றார் கால்வானி. உலோகங்களின் தொடுகையில் இருக்கிறது என்றார் வோல்டா. இரண்டும் திருத்தப்பட்ட கருத்துகள். ஆயினும், மின்னோட்டத்தை அளக்கும் கால்வனாமீட்டர் கால்வானியின் பெயரையும், மின்னழுத்தத்தின் அலகாகிய வோல்ட் வோல்டாவின் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கின்றன. சோதனைக்கு உட்படுத்தத்தக்க கருத்தை முன்வைத்தவர், அக்கருத்து பிழையானபோதும் அறிவுக்குத் தொண்டு செய்தவரே என்பதை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன.

'பேட்டரிக்குள்ளே கரண்ட் எப்படி வந்தது?' என்று உங்கள் வீட்டுச் சிறுவர் ஒருவர் வினவும்போது, விடையை உடனே கூறிவிட வேண்டா. 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று முதலில் கேளுங்கள். பின்னர் ஓர் ஆணியையும் ஒரு தாமிரக் கம்பியையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் அவர் கையில் கொடுங்கள். எலுமிச்சையை மாற்றிப் பார்க்கவும், உலோகத்தை மாற்றிப் பார்க்கவும் இடம் கொடுங்கள். மின்சாரம் எலுமிச்சையில் இல்லை என்பதை அவரே கண்டறிந்து உங்களிடம் சொல்வார்.

கற்பவை கற்றபின்

1. மின்கலம் தொடர்பாக நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்து, அவை உணர்த்தும் கருத்துகளுள் அறிவியலுக்குப் பொருந்துவனவற்றையும் பொருந்தாதனவற்றையும் பட்டியலிடுக.

2. எலுமிச்சை, உருளைக்கிழங்கு, உப்புநீர், மோர் ஆகியவற்றைக் கொண்டு மின்கலம் அமைத்து, வோல்ட்மீட்டர் காட்டும் அளவுகளை ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

3. ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு மின்கலம் இயங்கும் முறையை விளக்கிக் கடிதம் எழுதுக. நீங்கள் கையாளும் உவமை எவ்விடத்தில் பொருந்தாமல் போகிறது என்பதையும் அதில் குறிப்பிடுக.